முழம், உழக்கு, மழைநீர்: சின்னப் பிள்ளைகளுக்கு அளவைக் கற்றுக்கொடுப்பது எப்படி?

ஐந்து வயதுப் பிள்ளையிடம் ஸ்கேலைக் கொடுத்து ஒரு பென்சிலை அளக்கச் சொல்லிப் பாருங்கள். ஸ்கேலை ஏதோ ஓர் இடத்தில் பென்சிலோடு ஒட்டிவைத்து, முனை எந்த எண்ணுக்கு நேராக நிற்கிறதோ அந்த எண்ணைச் சத்தமாகப் படிக்கும். "பன்னிரண்டு!" என்று சொல்லும். எங்கிருந்து பன்னிரண்டு, பன்னிரண்டு என்ன என்று கேட்டால் விழிக்கும். பிள்ளைமேல் குற்றமில்லை. எண்ணைப் படிக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறோம்; அளக்கக் கற்றுக்கொடுக்கவில்லை.

அளவு கற்பதில் ஸ்கேல் கடைசியாக வர வேண்டிய பொருள் என்பது என் உறுதியான எண்ணம். அதற்கு முன்னால் பிள்ளை கண்ணால் ஒப்பிட வேண்டும், கையால் அளக்க வேண்டும், டம்ளரில் மொண்டு ஊற்ற வேண்டும், அளந்ததைப் பற்றி அண்ணனோடும் ஆச்சியோடும் வாதாட வேண்டும். அந்த வாதத்தில்தான் எல்லோருக்கும் பொதுவான ஓர் அளவு தேவை என்பது அதற்கே புரியும். புரிந்தபின் கையில் கொடுக்கும் ஸ்கேல் அதற்கு ஒரு விடையாக வந்து சேரும். முன்பே கொடுத்தால் அது எண்கள் அச்சடித்த வெறும் குச்சிதான்.

இதற்கு வேண்டிய பொருள்களில் எதையும் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. திருநெல்வேலிப் பக்கத்தில் ஒரு சாதாரண வீட்டின் அடுப்படியும் முற்றமும் கடைவீதியும் போதும். மூன்று வயது முதல் எட்டு வயது வரையுள்ள பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோருக்கும், வீட்டில் ஆச்சி தாத்தாவுக்கும், அங்கன்வாடி, தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

எதில் பெரியது?

ஓர் அரைக் கிலோக் கருப்பட்டிப் பொட்டலத்தையும் ஒரு படிப் பொரியையும் பிள்ளையின் முன்னால் வையுங்கள். எது பெரியது என்று கேளுங்கள். யோசிக்காமல் பொரியைக் காட்டும். இப்போது இரண்டையும் கைக்கொன்றாகத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். கருப்பட்டி பிடித்த கை தாழும். முகம் மாறும். "இதுதான் பெருசு" என்று கருப்பட்டியை நீட்டினாலும், "இது பெருசு, அது கனம்" என்று பிரித்துச் சொன்னாலும், பிள்ளை முக்கியமான ஓர் இடத்தைத் தொட்டுவிட்டது. ஒரு பொருளுக்கு ஓர் அளவு மட்டும் இல்லை. நீளம், அகலம், கனம், கொள்ளும் அளவு, பரப்பு என்று பல உண்டு. எதை அளக்கப்போகிறோம் என்று முதலில் முடிவுசெய்ய வேண்டும்.

கடைவீதிக்கு அழைத்துப் போகும்போது இதையே இன்னொரு விதமாகக் காட்டலாம். எந்தப் பொருளை எப்படி விற்கிறார்கள் என்று மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள். பிச்சிப்பூ முழத்தில், பால் லிட்டரில், சட்டைத்துணி மீட்டரில், தக்காளி கிலோவில், தேங்காய் எண்ணிக்கையில், வாழைப்பழம் சீப்பில், பொரி படியில். ஏன் தேங்காயை முழம்போட்டு விற்பதில்லை, ஏன் பாலை எண்ணிக் கொடுப்பதில்லை என்று கேட்டால் ஆறு வயதுப் பிள்ளைகள் அருமையாகப் பதில் சொல்வார்கள். சில பதில்கள் தவறாக இருக்கும்; இருக்கட்டும்.

எதை அளக்கிறோம் என்று முடிவானதும் அதே வகையான சிறிய ஒன்றை அலகாக எடுக்கிறோம். நீளத்தை அளக்க நீளமுள்ள ஒன்று, கனத்தை அளக்கக் கனமுள்ள ஒன்று. அதை இடைவெளி விடாமலும், ஒன்றன்மேல் ஒன்று ஏறாமலும், அடுத்தடுத்து வைத்து எண்ணுகிறோம். கடைசியில் எண்ணையும் அலகையும் சேர்த்துச் சொல்கிறோம்: ஏழு சாண், மூன்று உழக்கு. அளத்தல் என்பது இவ்வளவுதான். பெரியவர்களுக்கு இது மிகச் சாதாரணமாகத் தோன்றும். பிள்ளைக்கு இந்தக் கோவையின் ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியாகக் கற்க வேண்டிய ஒன்று. எங்கே பிடி நழுவுகிறது என்று பார்க்கத் தெரிந்த பெரியவர் பக்கத்தில் இருந்தால் போதும்.

எண் இல்லாமல் ஒப்பிடுவது

மூன்று, நான்கு வயதில் எண்ணே வேண்டாம். மார்கழியும் தையும் வந்தால் நம் பக்கத்தில் பனங்கிழங்குக்குப் பஞ்சமில்லை. ஒரு கட்டைப் பிரித்துத் தரையில் போட்டு, குட்டையானதிலிருந்து நெட்டையானது வரை வரிசையாக அடுக்கச் சொல்லுங்கள். பிள்ளை என்ன செய்கிறது என்பதை மட்டும் உட்கார்ந்து பாருங்கள்.

பெரும்பாலும் அது கிழங்குகளின் நுனியை மட்டும் பார்க்கும். அடிப்பக்கம் ஒன்று மேலும் ஒன்று கீழுமாகக் கிடக்கும். எதன் நுனி முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறதோ அதுவே நீளம் என்று சொல்லும். நீங்கள் சம நீளமுள்ள இரண்டு கிழங்குகளை எடுத்து ஒன்றைச் சற்று மேலே தள்ளினால், "இப்போ இது நீளம்" என்று சொல்லும். திருத்த வேண்டாம். "ரெண்டு கிழங்கோட அடியையும் சுவரோடு ஒட்டிவை, அப்புறம் பார்" என்று மட்டும் சொல்லுங்கள். சுவர் அதற்குத் தொடக்கக் கோட்டைக் கற்றுக்கொடுத்துவிடும். பின்னால் ஸ்கேலில் சுழியத்திலிருந்து அளக்க வேண்டும் என்ற பாடத்தின் முதல் பாதி இதுவே.

அடுத்தது, பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியாதவற்றை ஒப்பிடுவது. அறைக்குள் இருக்கும் பெஞ்ச், நடைவாசல் வழியாகக் குறுக்கே நுழையுமா? பெஞ்சைத் தூக்காமல் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு சணல் கயிற்றைக் கொடுங்கள். பெஞ்சின் நீளத்துக்குக் கயிற்றைப் பிடித்து, விரலை எடுக்காமல் அப்படியே வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்க்கலாம் என்று தானாகக் கண்டுபிடிக்கிற பிள்ளையும் உண்டு, ஒருமுறை காட்டிக்கொடுத்த பிறகு பிடித்துக்கொள்கிற பிள்ளையும் உண்டு. இரண்டுக்கும் நடுவே ஒரு மூன்றாவது பொருள் தூது போகலாம் என்று தெரிவது பெரிய தாண்டல்.

தண்ணீரில் இன்னொரு சோதனை இருக்கிறது. ஒரே மாதிரியான இரண்டு டம்ளர்களில் ஒரே மட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். இரண்டிலும் சமமா என்று கேளுங்கள்; சமம் என்று பிள்ளை ஒப்புக்கொள்ளட்டும். பிறகு, அதன் கண்ணெதிரே, ஒரு டம்ளர் தண்ணீரை ஒல்லியான உயரக் கண்ணாடிப் போத்தலில் ஊற்றுங்கள். இப்போது எதில் அதிகம்? ஐந்து வயதுப் பிள்ளை பெரும்பாலும் போத்தலைக் காட்டும், மட்டம் உயரமாக இருக்கிறதல்லவா! சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே (1896–1980) பிள்ளைகளிடம் நடத்திப் பார்த்துப் புகழ்பெற்ற சோதனை இது. வடிவம் மாறினாலும் அளவு மாறாது என்ற உறுதி ஏறத்தாழ ஏழு வயதை ஒட்டித்தான் படிகிறது என்று அவர் கண்டார். சில பிள்ளைகளுக்கு முன்னதாகவே வரும், சிலருக்குத் தாமதமாகும்.

இதில் பெற்றோர் செய்யக் கூடாதது ஒன்று உண்டு: வாயால் வாதாடி வெல்வது. "ஒரே தண்ணீர்தானே, எப்படிக் கூடும்?" என்று மடக்கினால் பிள்ளை உங்கள் முகத்தைப் பார்த்துப் பதிலை மாற்றிக்கொள்ளும், கருத்தை மாற்றிக்கொள்ளாது. அதற்குப் பதில், திரும்ப டம்ளரில் ஊற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். குளிக்கும்போது செம்பிலிருந்து வாளிக்கும், வாளியிலிருந்து சின்னக் குடத்துக்கும் ஊற்றி விளையாட விடுங்கள். தண்ணீரை வீணாக்காமல் அதையே செடிக்கு விடலாம்.

ஒரு முழம் பிச்சிப்பூ

பூக்கடையில் நின்று கவனியுங்கள். பூக்காரர் சரத்தின் முனையை நடுவிரல் நுனியில் பிடித்து, முழங்கை வரை இழுத்து, அந்த இடத்தில் பிடித்துக்கொண்டு அடுத்த முழத்துக்குத் தாவுகிறார். சரத்தைத் தொய்ய விடுவதில்லை. ஒரு முழம் முடிந்த இடத்தில்தான் அடுத்த முழம் தொடங்குகிறது. இடைவெளி இல்லை, ஏறிப்படுவது இல்லை. அளத்தலின் இலக்கணம் முழுவதும் அந்த ஒரு கை அசைவில் இருக்கிறது. பிள்ளையை இடுப்பில் தூக்கிவைத்துக்கொண்டாவது இதைப் பார்க்க வையுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் நூல்கண்டை எடுங்கள். வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் தங்கள் கையால் ஒரு முழம் நூல் அளந்து வெட்டட்டும். ஆச்சி முழம், அப்பா முழம், அக்கா முழம், பிள்ளையின் முழம். எல்லாவற்றையும் ஒரே ஆணியில் தொங்கவிடுங்கள். வளர்ந்தவரின் முழம் ஏறத்தாழ 45 செ.மீ. இருக்கும். பிள்ளையின் நூல் பாதி வழியைத் தாண்டிக் கொஞ்சத் தூரத்திலேயே நின்றுவிடும். எல்லாமே "ஒரு முழம்"தான்!

இந்த இடத்தில் பேசாமல் இருப்பது நல்லது. யாராவது ஒரு பிள்ளை கேட்டுவிடும்: "அப்போ நான் பூ விற்றால் கொஞ்சமாகத்தானே வரும்? காசு மட்டும் அதே காசா?" கேட்காவிட்டால் நீங்கள் கடை விரித்து விளையாடுங்கள். பிள்ளை கடைக்காரர், ஆச்சி வாங்க வந்தவர். ஆச்சி தன் கையை நீட்டி, "என் முழத்துக்குக் கொடு" என்பார். கடைக்காரர் விடமாட்டார். யார் முழம் செல்லும்? இந்த வழக்கைத் தீர்க்கத்தான் ஊர் கூடி ஒரு கோல் வேண்டும் என்று முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது. எட்டு வயதுப் பிள்ளையாக இருந்தால், பூச்சரத்தில் இன்னொரு சிக்கலையும் காட்டலாம்: நெருக்கிக் கட்டிய முழத்தில் பூ அதிகம், இடம்விட்டுக் கட்டிய முழத்தில் பூ குறைவு. நீளம் ஒன்றுதான், பூவின் எண்ணிக்கை வேறு. மல்லிகையையும் பிச்சியையும் எடைபோட்டு விற்பதும் உண்டு என்பதற்குக் காரணம் அப்போது விளங்கும்.

பழைய வாய்ப்பாட்டில் 12 விரற்கடை (ஒரு விரலின் அகலம்) ஒரு சாண், 2 சாண் ஒரு முழம். இதை மனப்பாடம் செய்யவைக்க வேண்டாம். கையில் வைத்துச் சோதிக்க விடுங்கள். பிள்ளை தன் சாணால் தன் முன்கையை அளக்கட்டும். இரண்டு சாணுக்கு நெருங்கி வருகிறதா? பிறகு தரையில் மல்லாந்து படுக்கட்டும். தலை உச்சியிலும் குதிகாலிலும் சாக்பீஸால் கோடு போடுங்கள். எழுந்து வந்து தன் சாணாலேயே அந்த நீளத்தை அளக்கட்டும். "எண்சாண் உடம்புக்குத் தலையே பிரதானம்" என்று ஆச்சி சொல்வது மெய்தானா என்று பார்க்கலாம்; எட்டை ஒட்டித்தான் வரும். அதே கோட்டை அப்பாவின் சாணால் அளந்தால் ஐந்தோ ஐந்தரையோ ஆகும். ஒரே கோடு, இரண்டு எண்கள்.

இங்கேதான் பெரும்பாலான பிள்ளைகள் தடுக்கி நிற்பார்கள். அலகு பெரிதானால் எண் சிறிதாகும், அலகு சிறிதானால் எண் பெரிதாகும். முற்றத்தைக் குதிகாலும் பெருவிரலும் ஒட்ட அடி வைத்து அளந்தால், சின்னப் பாதத்துக்குத்தான் அதிக அடி வரும். "எனக்குத்தான் நிறைய, அதனால் நான்தான் பெரியவன்" என்று ஆறு வயதுப் பையன் மார்தட்டுவான். முற்றம் வளர்ந்துவிட்டதா என்று மட்டும் கேட்டுவிட்டு விட்டுவிடுங்கள். அது ஒரு நாளில் தீர்கிற கேள்வியில்லை.

பரப்பைப் பற்றி ஒரு வார்த்தை. அதற்குப் பாய்தான் சரியான பாடப்பொருள். பத்தமடையில் நெய்த கோரைப்பாய் நம் வீடுகளில் இல்லாமல் இருக்காது. பட்டாசாலையை, அதாவது வீட்டுக் கூடத்தை, முழுவதும் மூட எத்தனை பாய் வேண்டும்? ஒரு பாயை மூட எத்தனை செய்தித்தாள் வேண்டும்? இடைவெளி விடாமல் பரப்பிப் பார்க்கட்டும். கூட்டலும் பெருக்கலும் பின்னால் வரும்.

உழக்கும் இட்லி மாவும்

பழைய வீடுகளில் அரிசிப்பானைக்குள் ஓர் உழக்கு இன்னும் கிடக்கும். ஆழாக்கு, உழக்கு, உரி, நாழி என்ற வரிசையில் ஒவ்வொன்றும் முந்தியதைப்போல இரண்டு மடங்கு. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி. நாழியும் படியும் ஒன்றே. அரைப்படி, கால்படி, அரைக்கால்படி என்ற பின்னங்கள் எல்லாம் பித்தளையிலும் இரும்பிலும் கையில் பிடிக்கிற பொருளாக நம் வீட்டில் இருந்தன. பின்னத்தைக் கரும்பலகையில் வட்டம் வரைந்து தொடங்குவதைவிட, உழக்கால் நாழியை நிரப்பச் சொல்லித் தொடங்குவது எவ்வளவோ மேல். நான்கு முறை ஊற்றியதும் நிரம்பும். கால் என்றால் என்ன என்று அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் ஒரே ஓர் அளவுப் பாத்திரம்தான் மிஞ்சியிருக்கிறது என்றால், பெரிதும் சிறிதுமான டம்ளர்களை வைத்து எது எதில் எத்தனை முறை கொள்கிறது என்று பார்க்கலாம்.

எட்டு படி ஒரு மரக்கால், 21 மரக்கால் ஒரு கோட்டை என்பது நெல்லைச் சீமையின் நெல் கணக்கு. வயலையே மரக்கால் விதைப்பாடு, கோட்டை விதைப்பாடு என்று, விதைக்கும் நெல்லின் அளவால் சொன்ன ஊர்கள் இவை. களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று சொல்லாமல் "லாபம்" என்று சொல்லித் தொடங்குவார்கள். தாத்தா இருந்தால் பிள்ளைக்கு அப்படி ஒருமுறை அளந்து காட்டச் சொல்லுங்கள். அதைக் கேட்ட பிள்ளை மறக்காது.

அளக்கும்போது குவித்து அளக்கிறோமா, தலைதட்டி அளக்கிறோமா என்பதையும் கவனிக்க வேண்டும். ஒரே உழக்கால் பிள்ளை ஒருமுறை குவித்தும் ஒருமுறை வழித்தும் அளந்தால் கணக்கு கெட்டுப்போகும். இரண்டையும் செய்ய விட்டு, இரண்டு தட்டுகளில் கொட்டி, ஏன் வேறுபடுகிறது என்று கேளுங்கள். ஒரே மாதிரி அளப்பதும் அளத்தலின் ஒரு பகுதி.

இட்லிக்கு நனையப்போடும் நாளைப் பிள்ளையிடம் ஒப்படையுங்கள். பல வீடுகளில் நான்கு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து. முதல் வாரம் உழக்கால் அளக்கட்டும்: அரிசி நான்கு, உளுந்து ஒன்று. அடுத்த வாரம் உழக்கை ஒளித்துவைத்துவிட்டுச் சின்ன டம்ளரைக் கொடுங்கள். "டம்ளர் சிறியது, இட்லி கெட்டுப்போகுமா?" என்று கேளுங்கள். பிள்ளை கவலைப்படும். அதே டம்ளரால் நான்குக்கு ஒன்று போட்டு, மறுநாள் இட்லி பஞ்சாக வந்தபின், அளவுப் பாத்திரம் மாறினாலும் விகிதம் மாறவில்லை என்பது அதன் நாக்குக்கே தெரிந்துவிடும். விகிதம் என்ற சொல்லை அதற்குச் சொல்ல இன்னும் பல வருஷங்கள் இருக்கின்றன.

எடைக்கு வருவோம். துணி மாட்டும் ஹேங்கர் ஒன்று, இரண்டு சிரட்டை, கொஞ்சம் சணல். சிரட்டைகளில் துளையிட்டு ஹேங்கரின் இரு முனைகளிலும் ஒரே நீளச் சணலில் தொங்கவிட்டு, ஹேங்கரை ஜன்னல் கம்பியில் மாட்டினால் தராசு தயார். எதையும் போடும் முன்பே ஒரு பக்கம் சாயும். இரண்டு சிரட்டையும் ஒரே கனமாக இருப்பதில்லை. மேலே நிற்கும் சிரட்டையின் அடியில் களிமண்ணை ஒட்டிச் சமன் செய்யுங்கள். காலித் தட்டு சமமாக நின்றால்தான் அளக்கத் தொடங்கலாம் என்பதைப் பிள்ளை தன் கையால் செய்து அறியும். பனங்கிழங்கின் அடியைச் சுவரோடு ஒட்டியதும் இதுவும் ஒரே பாடம்.

ஓர் எலுமிச்சம்பழம் எத்தனை புளியங்கொட்டைக்குச் சமம்? ஒரு வெங்காயம்? புளியங்கொட்டைகள் ஒன்றுபோல் இல்லை என்று பிள்ளை புகார் செய்தால் மகிழ்ச்சியடையுங்கள். ஒரே வகை ஒரு ரூபாய் நாணயங்களை எடுத்துக் கொடுங்கள். (மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் அருகில் இருந்தால் கொட்டையும் நாணயமும் வேண்டாம். வாயிலும் மூக்கிலும் போட்டுக்கொள்வார்கள்.) கிலோவை அறிமுகம் செய்ய, கையில் தூக்கிப் பழகிய சில பொருள்கள் போதும்: கால் கிலோ அல்வாப் பொட்டலம், ஏறத்தாழ அரைக் கிலோ இருக்கும் அரை லிட்டர் பால் பாக்கெட், ஒரு கிலோ எடையுள்ள ஒரு லிட்டர் தண்ணீர். இந்த மூன்றின் கனத்தைக் கை மறக்காவிட்டால், மற்றதையெல்லாம் அதனோடு ஒப்பிட்டுச் சொல்லிவிடலாம்.

நேரத்தை அளப்பது இவற்றைவிடக் கடினம். இரண்டு நேரங்களைப் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்க முடியாது. முற்றத்தில் ஒரு குச்சியை நட்டு, அதன் நிழல் நுனியைக் காலை, மதியம், மாலை என்று குறித்துவைப்பதோடு இந்த வயதில் நிறுத்திக்கொள்ளலாம்.

இப்போது ஸ்கேல்

ஏழு வயதை ஒட்டி, முழச்சண்டையும் சாண் கணக்கும் போதுமான அளவு நடந்து முடிந்தபின், பிள்ளை தானே ஒரு ஸ்கேல் செய்யட்டும். கோவில்பட்டியிலும் சாத்தூரிலும் தீப்பெட்டி செய்கிற சீமை நம்முடையது. மருந்து நீக்கிய ஒரு தீக்குச்சியை அலகாக எடுங்கள். நீளமான காகிதப் பட்டையின் ஓரத்தில் குச்சியை வைத்து, முடிகிற இடத்தில் கோடு, அந்தக் கோட்டில் தொடங்கி மறுபடியும் குச்சி, மறுபடியும் கோடு. கோடுகளுக்கு எண் எழுதும்போது ஒரு கேள்வி எழும்: தொடக்கத்தில் என்ன எழுதுவது? ஒன்று என்று எழுதுகிற பிள்ளையிடம், "ஒரு குச்சி எங்கே முடிகிறது?" என்று கேளுங்கள். கொஞ்ச நேரம் குச்சியை வைத்து எடுத்து, வைத்து எடுத்து, முதல் கோட்டைச் சுழியமாக மாற்றும். கடையில் வாங்கிய ஸ்கேலில் ஏன் சுழியம் இருக்கிறது, எண்கள் ஏன் கோட்டருகே நிற்கின்றன, எண்ண வேண்டியது கோட்டையா, கோடுகளுக்கு இடையிலுள்ள இடத்தையா என்பதெல்லாம் அந்தக் காகிதப் பட்டையிலேயே முடிந்துவிடும்.

உண்மையில் புரிந்ததா என்று பார்க்க ஒரு சோதனை: தையல் டேப்பின் முன்பகுதியை மடித்து மறைத்து, 3 செ.மீ. கோட்டிலிருந்து பென்சிலை வையுங்கள். முனை 12-இல் நிற்கிறது. எவ்வளவு நீளம்? 12 என்றால் இன்னும் குச்சி விளையாட்டு தேவை. 9 என்றால் அந்தப் பிள்ளைக்கு அளக்கத் தெரியும்.

ஆச்சி காலத்தில் படியும், எடைக்குப் பலமும் வீசையும் இருந்தன, இப்போது கிலோவும் லிட்டரும் இருக்கின்றன, ஏன் என்று பிள்ளை கேட்டால் நேராகச் சொல்லுங்கள். ஊருக்கு ஊர் படி வேறுபட்டது. வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் வழக்கு. 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 1958 அக்டோபர் முதல் படிப்படியாக நாடு முழுவதும் மெட்ரிக் எடைகள் வந்தன. கடைத்தராசிலும் எடைக்கல்லிலும் அரசு முத்திரை இருப்பதைக் காட்டுங்கள். யார் முழம் செல்லும் என்று ஆச்சியோடு வாதாடிய பிள்ளைக்கு இந்தச் சட்டம் வேறு யாருடைய கதையோ இல்லை. வீட்டில் அடியும் அங்குலமும் பேசுகிறோம், பள்ளியில் செ.மீ. சொல்லித்தருகிறார்கள் என்ற குழப்பத்துக்கு டேப்பின் இரண்டு பக்கங்களையும் திருப்பிக் காட்டினால் போதும். ஓர் அங்குலம் 2.54 செ.மீ.

எதை அளந்தாலும் அளப்பதற்கு முன்னால் ஒரு கண்திட்டம் சொல்லச் சொல்லுங்கள். சொன்னதை எழுதிவைத்துவிட்டு அளக்கட்டும். தவறினால் வருத்தம் வேண்டாம். சந்தையில் காயைக் கையில் வாங்கியதும் முக்கால் கிலோ என்று சொல்கிறவருக்கு அந்தக் கைத்திட்டம் இப்படித்தான் வந்தது.

மழையும் அணையும்

மழை வந்தால் வானொலியிலும் நாளிதழிலும் மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து என்று நம் மலைப்பகுதி இடங்களின் பெயரோடு வரிசையாக மில்லிமீட்டர்கள் வரும். மழை எப்படி மில்லிமீட்டரில் இருக்க முடியும்? தண்ணீர் என்றால் லிட்டரல்லவா? பிள்ளைக்கு மட்டுமல்ல, பல பெரியவர்களுக்கும் இந்தச் சந்தேகம் உண்டு. பெய்த நீர் ஓடாமல், ஊறாமல், ஆவியாகாமல் பெய்த இடத்திலேயே நின்றால் எவ்வளவு உயரம் நிற்கும் என்பதே அந்த அளவு. ஒரு சதுர மீட்டர் மொட்டைமாடியில் ஒரு லிட்டர் விழுந்தால் அது 1 மி.மீ.

செய்து பார்க்க, பக்கங்கள் நேராக நிற்கிற, அடி தட்டையான டப்பாக்கள் இரண்டு எடுங்கள். ஒன்று வாய் அகன்றது, ஒன்று ஒடுங்கியது. மரத்தடியும் கூரை ஓரமும் இல்லாத வெட்டவெளியில் இரண்டையும் வையுங்கள். மழை நின்றதும் ஸ்கேலை உள்ளே விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அகலமான டப்பாவில்தான் அதிகம் இருக்கும் என்று எல்லாப் பிள்ளைகளும் பந்தயம் கட்டும். இரண்டிலும் உயரம் ஒன்றே! அகன்ற வாய் அதிக மழையைப் பிடித்தது உண்மை. ஆனால் பிடித்த நீரை அகன்ற அடியில்தானே பரப்ப வேண்டியிருக்கிறது. டப்பாவுக்குப் பதில் தண்ணீர்ப் பாட்டிலை வெட்டிப் பயன்படுத்தினால் அடியில் உள்ள மேடுபள்ளத்தைக் கூழாங்கல்லும் கொஞ்சம் தண்ணீரும் போட்டு நிரப்பி, அந்த மட்டத்தைச் சுழியமாகக் குறித்துக்கொள்ள வேண்டும். வானிலைத் துறை தினமும் காலை 8.30 மணிக்கு அளவெடுக்கிறது. வீட்டிலும் அதே நேரத்தில் எடுத்தால் மறுநாள் நாளிதழோடு ஒப்பிடலாம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையைப் பற்றி வீட்டில் பேச்சு வரும்போது, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. பெய்தது என்று எண்ணை மட்டும் சொன்னால் பிள்ளைக்கு ஒன்றும் தோன்றாது. சுவரில் டேப்பைப் பிடித்து 95 செ.மீ. உயரத்தில் ஒரு கோடு போட்டு, மூன்று வயதுத் தம்பியை அதன் அருகில் நிற்கவையுங்கள். தம்பியின் உச்சந்தலைக்குப் பக்கத்தில் கோடு நிற்கும். தாமிரபரணி ஏன் அப்படிக் கரைமீறிவந்தது என்பதற்கு அதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

எட்டு வயதைத் தொட்ட பிள்ளைகளுக்கு இன்னும் ஒன்று. பாபநாசம் அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 143 அடி, மணிமுத்தாறு 118 அடி. நாளிதழில் இரண்டின் அன்றாட நீர்மட்டமும் வரும். ஓர் அடிக்கு ஒரு செ.மீ. என்று வைத்துக்கொண்டு, சுவரில் தரையிலிருந்து 143 செ.மீ. உயரத்துக்கு ஒரு பட்டையும், பக்கத்திலேயே 118 செ.மீ. உயரத்துக்கு இன்னொரு பட்டையும் வரையுங்கள். மணிமுத்தாறு இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் உயரத்துக்குக் கிட்டத்தட்ட இருக்கும், பாபநாசம் ஆறாம் வகுப்பு அக்காவை எட்டும். தினமும் காலையில் நாளிதழைப் பார்த்து அன்றைய மட்டத்தைப் பிள்ளையே அளந்து கோடு போட்டுத் தேதி எழுதட்டும். கார் போக நெல் சாகுபடிக்குத் தண்ணீர் எதிர்பார்க்கிற ஜூனில் தொடங்கினால், தென்மேற்குப் பருவமழையில் கோடு ஏறுவதையும், வயலுக்குத் திறந்துவிட்டபின் இறங்குவதையும், அடுத்த நெல் போகமான பிசானத்துக்கு முன்பு வடகிழக்குப் பருவமழையில் மறுபடி ஏறுவதையும் ஒரே சுவரில் பார்க்கலாம். சுண்ணாம்புச் சுவரில் பென்சில் போதும். பெயின்ட் அடித்த சுவரென்றால் நீளமான காகிதத்தை ஒட்டி அதில் வரையுங்கள். பட்டையின் அடி தரையைத் தொட்டிருக்க வேண்டும்.